சொம்பு வாய் வைத்த பச்சைக் கார்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய நசுருதீனுக்குக் காது ஒரு தினுசு. எதிரே நின்று பேசுகிற ஆள் சொல்வதில் பாதி அதில் ஏறாது. ஆனால் தூரத்தில் வருகிற லாரியில் எந்த சிலிண்டர் சண்டித்தனம் பண்ணுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். பெண்டாட்டி பக்ருன்னிசா கல்யாணமான புதிதில் இதை நினைத்துப் பெருமைப்பட்டாள். போகப் போக, தானும் ஒரு லாரியாகப் பிறந்திருந்தால் இந்த மனுஷன் காதில் நாலு வார்த்தை ஏறியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்ல ஆரம்பித்தாள்.

பட்டறைக்கு வந்ததெல்லாம் உழைத்து ஓய்ந்த வண்டிகள். நெல் லாரி, கல் லாரி, படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கும் பஸ். உடைந்ததை ஒட்டுவான், தேய்ந்ததை மாற்றுவான், கைகூப்பி அனுப்பிவைப்பான். அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு வண்டியையாவது, அது பிறந்தபோது ஓடினதைவிட நன்றாக ஓடவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை உள்ளே கிடந்தது. நெல் லாரிக்காரனிடம் போய் உன் லாரியைப் பறக்க விடுகிறேன் என்றால் அவன் என்ன சொல்வான்? ஆசை பாட்டுக்குக் கிடந்தது.

அதைக் கிளப்பிவிட்டவன் செல்லப்பன். ரைஸ் மில் முதலாளியின் ஒரே பிள்ளை. மெட்ராசில் இரண்டு வருஷம் படித்தான். படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு காரோடு வந்து சேர்ந்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன கார். பச்சை நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. உட்கார்ந்தால் பின்பக்கம் ரோட்டில் உரசுமோ என்று பயம் வரும், அத்தனை தாழ்வு. மெட்ராசுக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். மாசியில் நடக்கப்போகும் பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டிவிட வேண்டும் என்பது செல்லப்பனின் ஒரே பிடிவாதம்.

"வண்டிய நீ சரி பண்ணிக் குடு பாய். சோழவரத்துல எனக்கு நீதான் மெக்கானிக். கூடவே இட்டுனு போறேன்" என்றான்.

அவ்வளவுதான். அன்று முதல் நசுருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஓடுதளத்தின் ஓரத்தில், துடைப்புத் துணியும் ஸ்பேனருமாகத் தான் நிற்பதை நினைத்து நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை. அதில்லாமல் இருக்கவும் அவனால் முடியவில்லை.

காரை எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டினான். காலைக் குளிரில் துள்ளுகிற கார் மத்தியான வெயிலில் மந்தமாவதைக் கவனித்தான். வண்டிக்குப் பெட்ரோல் பற்றாமல் இல்லை, மூச்சுத்தான் பற்றவில்லை என்று புரிந்துபோயிற்று. பானெட்டுக்கு அடியில் கொதிக்கிற காற்றை, இரண்டு சின்னத் தகர டப்பாக்கள் வழியாக அது கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள தூசியை நிறுத்துவதற்காக வைத்த டப்பாக்கள் அவை. அவற்றைக் கழற்றிவிட்டு, காரின் மூக்குக்குக் கீழே வாய் திறந்து குளிர்ந்த காற்றை வாரிக்கொண்டு வரும்படி தகரத்தில் ஒரு குழாய் அடித்தான். அந்தக் காற்று அலையாமல் நேரே உள்ளே போக, அதைப் பெட்ரோலோடு கலக்கிற கார்பரேட்டர் இரண்டுக்கும் வாய் அகன்ற இரண்டு குழல் வேண்டும். அந்த வளைவு தகட்டில் எத்தனை தட்டினாலும் வரவில்லை.

வந்த இடம் வீட்டு அடுப்படி. பக்ருன்னிசா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜோடிச் சொம்பு, நல்ல கனமான பித்தளை. அவற்றின் கழுத்தும் விரிந்த வாயும் அவன் தேடியலைந்த அதே வளைவு. ஒன்றைக் கேட்டு வாங்கினான். இரண்டாவதை அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் அப்பா பாத்திரத்துக்கு ஈயம் பூசியே பிழைத்தவர். அந்தக் கை வாகு இவனுக்கும் இருந்ததால், கழுத்தை அறுத்து, கீழே கூம்பாகத் தகடு சுற்றி, பற்றவைத்தது தெரியாமல் தேய்த்து முடித்தான். சங்கதி ஊரில் பரவிவிட்டது. பஸ் டிரைவர் பொன்னுசாமி பட்டறை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, காருக்குத் தாகம் எடுத்தால் மொண்டு குடிக்கவா பாய் சொம்பு வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நசுருதீனுக்கு அது காதில் விழவில்லை. கார் அப்போதுதான் புதுக் குரலில் உறுமத் தொடங்கியிருந்தது.

குழாயின் வாயில் பொடிக்கண் கம்பி வலை ஒன்றைக் கட்டியிருந்தான். கல்லும் பூச்சியும் உள்ளே போகாமல் இருக்க. முதல் ஓட்டத்தில் கார் நன்றாகவே பாய்ந்தது. இறங்கிய செல்லப்பன் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை.

"இன்னும் வேகம் வேணும் பாய். சோழவரத்துக்கு இது பத்தாது."

அந்த ஒரு வார்த்தை நசுருதீனை அரித்தது. இன்னும் வேகம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது அந்த வலைதான். அது காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது என்று அவன் காது சொன்னது. காது சொன்னது சரிதான். ஆனால் காதுக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் இருக்கிறது.

அது அறுபத்திரண்டாம் வருஷத்துத் தை மாதம். எட்டுக் கிரகம் ஒன்று கூடுகிறது, அமாவாசையோடு உலகம் முடிந்தது என்று நாடு முழுக்கப் பேச்சு. செஞ்சிக் கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது. நசுருதீன் வீட்டிலோ வேறு கணக்கு. நோன்பு மாதம் வருகிறது, பிறை எப்போது தெரியும் என்று அவனும் பக்ருன்னிசாவும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நோன்பு தொடங்குவதற்குள் காரைக் கடைசியாக ஒரு முறை விரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம். ஊரே பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும், ரோடு காலியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்விடலாம் என்று செல்லப்பனிடம் சொன்னான். பிறையை எண்ணியவனுக்கு, பிறைக்கு முந்தி அமாவாசை வரும் என்பது மட்டும் உறைக்கவில்லை. அமாவாசை என்றால் மேல்மலையனூர். அதிலும் தை அமாவாசை. அதிலும் உலகம் முடியப்போகிற தை அமாவாசை. பயந்த ஜனம் வீட்டிலா கிடக்கும்? அங்காளம்மன் காலில் போய் விழத் திசையெல்லாமிருந்து முதல்நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டது. அங்கே போகிற சேத்துப்பட்டு ரோட்டில் ஸ்பெஷல் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது.

பஸ் ஓடுகிறதென்றால் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வேறொன்றும் செய்வார்கள். காய்ந்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற சக்கரமே மிதித்துக் கொள்ளை உதிர்த்துக் கொடுத்துவிடும். மாடு கட்டி மிதிக்க வேண்டாம், கூலி ஆளும் வேண்டாம். வருஷத்தில் இத்தனை சக்கரம் ஓடுகிற நாள் வேறு கிடைக்காது. உலகம் நாளைக்கு அழிகிறதோ இல்லையோ, கொள்ளு இன்றைக்கு உதிர்ந்தாக வேண்டும்.

காலையில் பட்டறையைவிட்டுக் கிளம்புமுன் நசுருதீன் குனிந்து வலையைக் கழற்றித் தூர வைத்தான். கை ஒரு கணம் தயங்கியது. தார் ரோட்டில் என்ன தூசி வந்துவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ஓட்டுவது தானாக இருந்தால்தான் காது ஒழுங்காக வேலை செய்யும் என்பான். பக்கத்தில் செல்லப்பன்.

சேத்துப்பட்டு ரோட்டில் ஏறியதும் காலை அழுத்தினான். கார் கிளம்பிய வேகத்தில் செல்லப்பன் சீட்டோடு ஒட்டிக்கொண்டான். பித்தளை வாய் இரண்டும் காற்றை இழுக்கிற சத்தம் கனமாக, பிசிறில்லாமல் வந்தது. நசுருதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் அந்த வண்டி. பிறந்தபோது ஓடினதைவிட நன்றாக ஓடுகிற வண்டி. செல்லப்பன் வாய்விட்டுச் சிரித்தான், இன்னும், இன்னும் என்று கையாட்டினான்.

ஏரிக்கரையை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில்தான் பார்த்தான். எதிரே தார் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய வரை பழுப்பாகக் கொள்ளுச் செடி. ஓரத்தில் அடுத்தபடி பரப்புவதற்குக் குவித்த குவியல். நடுவில் கோலோடு இரண்டு மூன்று பெண்கள்.

பிரேக்கை மிதித்தான். காய்ந்த செடியின் மேல் சக்கரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. பெண்கள் விழுந்தடித்து ஓரத்துக்கு ஓடினார்கள். தாழ்ந்த காரின் மூக்கு கொள்ளைக் கொத்துக் கொத்தாக வாரியது. வலை இல்லாத அந்தத் தகர வாய், சருகையும் தூசியையும் வயிறு முட்ட இழுத்துக்கொண்டது. என்ஜின் திணறியது. நசுருதீன் காதில் அது முன்னமே கேட்டது. கேட்டு என்ன பண்ணுவது?

என்ஜின் மூச்சை இழுக்கும் என்பதை மட்டுமே அவன் யோசித்திருந்தான். மூச்சு அடைத்தால் அது இருமும். இருமினால் உள்ளேயிருந்து நெருப்பு வரும். அந்தப் பழைய டப்பாவோ, அவன் கட்டிய வலையோ இருந்திருந்தால், நெருப்பு வந்த வழியே அடங்கியிருக்கும், சருகும் அந்த அளவு சேர்ந்திருக்காது. இரண்டும் இல்லை. கார் இருமியது, மறுபடி இருமியது. குழாய் நிறைய அடைந்திருந்த சருகு அடுப்பு மாதிரி பற்றிக்கொண்டது. என்ஜின் நின்றுபோயிற்று. பானெட் இடுக்கில் புகையும், அதன் பின்னால் ஜுவாலையும் வந்தன. முன் சக்கரத்தடியில் சுற்றியிருந்த செடியும் பிடித்துக்கொண்டது.

செல்லப்பன் குதித்து இறங்கி, மண்ணை அள்ளிப் போடு, மண்ணை அள்ளிப் போடு என்று கத்தினான். கையளவு மண்ணை அள்ளி பானெட் மேல் வீசவும் செய்தான். நசுருதீன் அவனைப் பார்க்கவில்லை. முன்னே ஒரு பர்லாங்குக்குக் கொள்ளு. பின்னேயும் கொள்ளு. இரண்டு பக்கமும் குவியல். நடுவில் பெட்ரோல் டாங்கோடு எரிகிற கார். இது இங்கேயே நின்றால் எல்லாம் போகும். இடது பக்கம் இரண்டு குவியலுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதைத் தாண்டி ஏரிச் சரிவு, கீழே தண்ணீர்.

அவன் இறங்கவில்லை. முதல் கியரைப் போட்டு, ஸ்டார்ட்டர் பித்தானை இழுத்துப் பிடித்தான். ஓடாத என்ஜினானாலும் கியரில் இருந்தால் பாட்டரி இழுக்கிற இழுப்பில் வண்டி கொஞ்சம் நகரும். நின்றுபோன வண்டியை ரயில்வே கேட்டிலிருந்து தள்ள டிரைவர்கள் செய்கிற வேலை அது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி முழம் நகர்ந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி முழம். காலடியில் தகடு பழுத்தது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கருகி ஒட்டிக்கொண்டது. வலியில் ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கத்தினான், பித்தானை மட்டும் விடவில்லை.

"பாய், அது என் வண்டி" என்றான் செல்லப்பன். குரல் அழுகிற பிள்ளையின் குரலாக இருந்தது.

முன் சக்கரம் சரிவில் இறங்கியது. மிச்சத்தைச் சரிவே பார்த்துக்கொண்டது. நசுருதீன் பக்கவாட்டில் உருண்டு விழ, பச்சைக் கார் மூக்கைத் தண்ணீரில் குத்தி, பெரிய சீறலோடு பாதி முழுகி நின்றது.

ரோட்டில் பிடித்த தீயைப் பெண்கள் புங்கங்கிளையாலும் நனைத்த கோணியாலும் அடித்து அணைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இரண்டு பங்கு தப்பியது. அந்தக் கொள்ளு கமலாம்பாளுடையது. புருஷன் போனபிறகு மானாவாரிக் கொல்லையில் ஒண்டியாக விதைத்து, ஒண்டியாகப் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டவள். அவள் கரியான செடியைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் நசுருதீனால் முடியவில்லை.

கூட்டம் சேர்ந்தது. எல்லாம் கிரகத்தின் வேலை என்று ஒருவர் சொன்னார், அங்காளம்மாதான் பாய் ரூபத்தில் வந்து தீயை இழுத்துக்கொண்டு போனாள் என்று இன்னொருவர் சொன்னார். நசுருதீன் காலில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஏரியில் இறங்கிக் காரைச் சுற்றி வந்த செல்லப்பன், சேறும் சகதியுமாக மேலேறி வந்தான். அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தான்.

"கிரகம் பாய். நம்ம கையில இன்னா இருக்குது" என்றான். "சீக்கிரமா இழுத்துப் போட்டு என்ஜினப் பிரிச்சுட்டா பொழச்சுக்கும். மாசிக்கு இன்னும் நாளிருக்குது. நீ இல்லாம நான் சோழவரம் போறதா இல்ல."

எத்தனை சுலபம். வானத்தில் எட்டுக் கிரகம் பழியைச் சுமக்கத் தயாராக நின்றது. தலையை ஆட்டினால் போதும், ஓடுதளம், துடைப்புத் துணி, ஸ்பேனர் எல்லாம் அப்படியே இருக்கும். நசுருதீன் கமலாம்பாளைப் பார்த்தான்.

"கிரகமும் இல்ல, ஒன்னும் இல்ல" என்றான். "குழாய் வாயில வலை கட்டியிருந்தேன். அது இருந்திருந்தா இந்தத் தீ வந்திருக்காது. காத்தால நான்தான் கழட்டிப் போட்டேன். உன் கொள்ளுக்குத் தீ வச்சவன் நான்தான் யக்கா."

கும்பிட்ட கிழவர் கையை இறக்கிக்கொண்டார்.

"வச்சவனும் நீதான், அணச்சவனும் நீதானா? சரி" என்றாள் கமலாம்பாள். "மிச்சத்துக்கு இன்னா வழி? தீயப் பாத்துட்டு பஸ்காரன் எல்லாம் சுத்து வழியில போறான். இன்னிக்கு ராவு பனி விழுந்தா நமுத்துப் பூடும். பொழுதுக்குள்ள இத எவன் வந்து மிதிப்பான்?"

அவள் கேட்டது நியாயம். நசுருதீன் ஒரு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து செஞ்சிக்குப் போனான். பழுதான வண்டிகளை இழுத்து வருவதற்காகப் பட்டறையில் பழைய மிலிட்டரி லாரி ஒன்று வைத்திருந்தான். அதைக் கிளப்பும்போது பக்ருன்னிசா ஓடிவந்து, காலைப் பார்த்துவிட்டு, முந்தானையைக் கிழித்து எண்ணெய் தோய்த்துக் கட்டினாள்.

"ரெண்டு சொம்பும் போச்சா?"

"போச்சு."

"நீங்க போவல இல்ல" என்று முடிச்சை இறுக்கினாள். அன்றைக்கு அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவன் காதில் விழுந்தது.

லாரி ஏரிக்கரைக்குத் திரும்பியபோது செல்லப்பன் மில்லிலிருந்து வடக்கயிறு வரவழைத்துக் காரின் பின்பக்கம் கட்டித் தயாராக நின்றான். தண்ணீரில் ஊற ஊற என்ஜினுக்குள் துரு ஏறும், இப்போதே இழு என்றான். அது உண்மை என்று அவனைவிட நசுருதீனுக்கு நன்றாகத் தெரியும். பொழுது ஏற்கெனவே உச்சிக்கு வந்துவிட்டது. கொள்ளுக்கும் அதே பொழுதுதான் இருந்தது.

"மொதல்ல கொள்ளு" என்றான் நசுருதீன்.

"அப்போ சோழவரம்?"

நசுருதீன் லாரியைக் கொள்ளுப் பக்கம் திருப்பினான். செல்லப்பன் கயிற்றைக் கீழே போட்டான். செஞ்சிப் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே போனான். மறுநாள் வேறு யாரையோ வைத்துக் காரை மேலே இழுத்துக்கொண்டான். பிறகு எந்த வண்டியையும் அந்தப் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை. நசுருதீனும் கடைசிவரை சோழவரத்தைப் பார்க்கவில்லை. செஞ்சியிலேயே இருந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் உடைந்ததை ஒட்டி, தேய்ந்ததை மாற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தையிலும் ஒரு நாள் மட்டும் பட்டறையைப் பூட்டிவிட்டு கமலாம்பாளின் கொள்ளு மிதிக்க அந்த லாரியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்வந்தான்.

அந்த முதல் நாள் மத்தியானம் கமலாம்பாள் கோலால் செடியைப் புரட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். அவன் முதல் கியரில் பின்னாலேயே போனான். முனைக்குப் போய்த் திருப்பி, மறுபடி வந்தான். திருப்புகிற ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு மேலே காரின் பச்சைப் பின்பக்கம் தெரிந்தது. உள்ளே தண்ணீர் எதையெதைத் தொட்டிருக்கும் என்று ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரிந்தது. கால் எரிந்தது. நெஞ்சும்தான். சக்கரத்தின் கீழே கொள்ளுக் காய் வெடிக்கிற சன்னமான சத்தம் லாரி இரைச்சலையும் மீறி அவன் காதுக்குக் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டு போனான்.

கமலாம்பாள் நின்று, திரும்பிக் கையைக் காட்டினாள்.

"இன்னும் மெதுவா பாய். வேகமாப் போனா செதறுது."

நசுருதீன் காலை இன்னும் கொஞ்சம் எடுத்தான். லாரி அவள் நடைக்கு வந்தது.